செர்ஜியோ எர்மோட்டி: 15 வயதில் வங்கிக்குப் பயிற்சிக்குப் போனவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் வங்கி ஒரே வார இறுதியில் போட்டி வங்கியான யுபிஎஸ்-இன் கைக்குப் போய் இல்லாமல் போனதிலிருந்து, சுவிஸில் நாங்கள் கூடும் இடமெல்லாம் அதைப் பற்றியும் யுபிஎஸ்-ஐ நடத்தும் எர்மோட்டியைப் பற்றியும் பேச்சு வந்துவிடுகிறது. கோயில் திருவிழாவில் கேட்கிறார்கள், பிறந்தநாள் விழாவில் கேட்கிறார்கள், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போதும் கேட்கிறார்கள். நான் வங்கிக்காரன் இல்லை. ஒரு சிறிய கணக்கியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணக்குத் தெரிந்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எர்மோட்டி யார்?

சுவிஸின் மிகப் பெரிய வங்கியான யுபிஎஸ்-இன் தலைமை நிர்வாகி. 1960 மே 11 அன்று, இத்தாலி மொழி பேசும் டிச்சீனோ மாநிலத்தில் லுகானோ நகரில் பிறந்தவர். யுபிஎஸ்-க்கு இருமுறை தலைமை தாங்கியிருக்கிறார்: 2011 முதல் 2020 வரை ஒருமுறை, 2023 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டு மறுமுறை. இரண்டு முறையும் வீடு தீப்பற்றியிருந்த நேரம். முதல் முறை சொந்த வீடு, இரண்டாம் முறை பக்கத்து வீடு.

பல்கலைக்கழகம் போகாமலா இந்த இடத்துக்கு வந்தார்?

ஆம். இந்தக் கேள்வியைத்தான் நம்மவர்கள் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் நம்ப முடியாத குரலில்.

பள்ளியை 15 வயதில் முடித்துக்கொண்டு, லுகானோவில் உள்ள கொர்னேர் வங்கியில் லேரெ செய்தார். லேரெ என்றால் தொழிற்பயிற்சி. சுவிஸில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனத்தில் உண்மையான வேலை, மாதம் ஒரு சிறு சம்பளம். வணிகத்துறை லேரெ மூன்று ஆண்டு. இந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் போகும் வழி இதுதான். படிப்பு வராதவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு வருத்தம் தருகிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதற்கே அது ஒரு காரணம்.

எங்கள் ஊர் வங்கிக் கிளையில் ஒருநாள் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். 16 வயது இருக்கும். சட்டையில் பெயர்ப்பட்டை, பெயருக்குக் கீழே 'பயிற்சியில்' என்று ஜெர்மனில் சின்ன எழுத்து. நான் கொடுத்த நோட்டுகளை இயந்திரத்தில் போட்டாள். எண் வந்தது. அதன் பிறகும் கையால் ஒருமுறை எண்ணினாள். பின்னால் நின்ற மூத்த ஊழியர் ஒன்றும் பேசாமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லுகானோவில் எர்மோட்டி தொடங்கியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எர்மோட்டி ஒருவர்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம். யுபிஎஸ்-ஐ 2008 நெருக்கடிக்குள் கொண்டுபோய் நிறுத்திய அன்றைய தலைவர் மார்செல் ஓஸ்பெல் பாசல் நகரில் லேரெ செய்தவர். அவர் விட்டுப்போன வங்கியைத் தூக்கி நிறுத்த வந்த ஓஸ்வால்ட் குரூபெல், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் டாய்ச்ச பாங்கில் பயிற்சி பெற்றவர். லேரெ செய்தவர்களில் வங்கியைக் கவிழ்த்தவரும் உண்டு, நிமிர்த்தியவரும் உண்டு.

எர்மோட்டி லேரெயோடு நின்றுவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே சுவிஸ் அரசு அங்கீகாரம் உள்ள உயர்நிலை வங்கியியல் தேர்வில் தேறினார். பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மூத்த நிர்வாகிகளுக்கான பயிற்சியையும் முடித்தார். படிப்பை அவர் விடவில்லை, அதை வேலைக்குப் பிறகு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

லுகானோவிலிருந்து எங்கே போனார்?

முதலில் சிட்டிபேங்க். 1987-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான மெரில் லிஞ்ச். அங்கே 17 ஆண்டு. பங்குகளையும், பங்கு விலையை வைத்துப் போடும் வழிப்பொருள் ஒப்பந்தங்களையும் கையாளும் பிரிவில் படிப்படியாக ஏறி, 2001-இல் உலகளாவிய பங்குச் சந்தைப் பிரிவின் இணைத் தலைவரானார்.

2005-இல் இத்தாலியின் யூனிகிரெடிட். 2007-இல் அதன் துணைத் தலைமை நிர்வாகி. 2010-இல் அங்கே தலைமை நிர்வாகி அலெசாண்ட்ரோ புரோஃபூமோ விலகியபோது நாற்காலி எர்மோட்டிக்கு வரவில்லை. ஃபெடெரிகோ கிசோனி அமர்ந்தார். எர்மோட்டி வெளியேறினார். 50 வயதில் கதவு மூடியது என்று தோன்றியிருக்கும். ஓர் ஆண்டு கழிவதற்குள் அதைவிடப் பெரிய கதவு திறந்தது.

யுபிஎஸ்-க்கு எப்படித் தலைமை நிர்வாகியானார்?

2011 ஏப்ரலில் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கப் பகுதிகளின் பொறுப்பாளராகத்தான் சேர்ந்தார். சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, லண்டனில் வெடித்தது.

க்வேக்கு அடோபோலி என்ற 31 வயது வணிகர், வங்கியின் பணத்தை வைத்துப் பங்குக் குறியீடுகள் மீது அளவுக்கு மீறிய பந்தயங்கள் கட்டியிருந்தார். ஒரு பக்கம் வாங்கினால் மறுபக்கம் ஈடுகட்ட ஒரு விற்பனை இருக்க வேண்டும் என்பது விதி. அவர் ஈடு கட்டியதாகக் கணினியில் பொய்ப் பதிவுகளைப் போட்டுவைத்தார். மேலே இருந்தவர்கள் பார்த்தது அந்தப் பதிவுகளை மட்டும்தான். 2011 செப்டம்பர் 14 அன்று அவரே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார். மறுநாள் விடியும் முன் கைது. இழப்பு 2.3 பில்லியன் டாலர், அதாவது 230 கோடி டாலர். அடுத்த ஆண்டு அவருக்கு ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தலைமை நிர்வாகி குரூபெல் செப்டம்பர் 24 அன்று பொறுப்பேற்று விலகினார். அன்றே எர்மோட்டி இடைக்காலத் தலைமை நிர்வாகி. நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள்.

ஒரு வணிகரின் மோசடிக்காக வங்கியையே மாற்ற வேண்டுமா?

அந்த மோசடி கடைசித் துளி. கலயம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

இன்றைய யுபிஎஸ், 1998-இல் இரண்டு பெரிய சுவிஸ் வங்கிகள் இணைந்து உருவானது. உலக முதலீட்டு வங்கிகளோடு போட்டிபோட ஆசைப்பட்டு, அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களை மலைபோல் வாங்கிச் சேர்த்தது. அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோது ஏறத்தாழ 50 பில்லியன் டாலரை இழப்பாக எழுதியது. 2008 அக்டோபரில் சுவிஸ் அரசு 6 பில்லியன் பிராங்க் முதலீடு செய்து தாங்கிப் பிடித்தது. கெட்ட பத்திரங்களை வாங்கி ஒதுக்கிவைக்க, நாட்டின் மத்திய வங்கியான சுவிஸ் தேசிய வங்கி தனி நிதியம் ஒன்றை அமைத்தது. அரசும் தேசிய வங்கியும் பின்னாளில் அதிலிருந்து லாபத்தோடு வெளியேறின என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து அமெரிக்க வரித்துறை வந்தது. அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவிய வழக்கில் 2009-இல் 780 மில்லியன் டாலர் கட்டினார்கள். ஏறத்தாழ 4,450 கணக்குகளின் விவரங்களையும் தர ஒப்புக்கொண்டார்கள். சுவிஸ் வங்கி ரகசியம் உடையத் தொடங்கிய இடம் அது. இத்தனைக்கும் மேலே வந்து விழுந்ததுதான் லண்டன் மோசடி. எர்மோட்டி உட்கார்ந்தது அப்படிப்பட்ட நாற்காலியில்.

2012 அக்டோபரில் 10,000 பேரை நீக்கினாரே, அதுவா மீட்பு?

பலர் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. பதிலைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

2012 அக்டோபர் 30 அன்று யுபிஎஸ் அறிவித்தது: கடன்பத்திர வணிகத்தில் பெரும்பகுதியிலிருந்து வெளியேறுகிறோம், 10,000 பணியிடங்கள் போகும். லண்டன் அலுவலகத்துக்கு அன்று காலை வழக்கம்போல வந்த சிலர் அடையாள அட்டையை வாயிற்கதவில் வைத்தபோது கதவு திறக்கவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. கையில் காப்பிக் கோப்பையோடு, நேற்றுவரை திறந்த கதவின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆளை அழைத்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

முடிவைப் பற்றிக் கேட்டால் என் பதில் வேறு: அது சரி. கடன்பத்திர வணிகம் சொந்தப் பணத்தை அதிகம் விழுங்கும் தொழில். 2008-க்குப் பிறகு விதிகள் இறுகியதால், அதே வணிகத்துக்கு வங்கி இன்னும் அதிக மூலதனம் ஒதுக்க வேண்டியிருந்தது. மற்ற பெரிய வங்கிகள் காத்திருந்து பார்ப்போம் என்று தயங்கின. எர்மோட்டி தயங்கவில்லை. அந்த ஆண்டுதான் யுபிஎஸ்-இன் இயக்குநர் குழுத் தலைவராக வந்திருந்த ஆக்செல் வேபர், ஜெர்மன் மத்திய வங்கியின் முன்னாள் தலைவர், துணை நின்றார். பின்னர் மற்ற ஐரோப்பிய வங்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பாதையில் இறங்கின. கிரெடிட் சுவிஸ் இறங்கியது மிகவும் தாமதமாக.

வங்கித் தலைவர்களில் பெரும்பாலோர் வாங்கிச் சேர்த்துப் பெயரெடுத்தவர்கள். எர்மோட்டி விட்டுக்கொடுத்து, வெட்டி, சுருக்கிப் பெயரெடுத்தார். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது நான் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் 2023-இல் அவருக்குக் கிடைத்த வேலை இதற்கு நேர் எதிரானது.

சுருக்கிய பிறகு வங்கி எதில் சம்பாதித்தது?

பணக்காரர்களின் செல்வத்தை நிர்வகிப்பதில். வாடிக்கையாளரின் பணம் வாடிக்கையாளருடையதாகவே இருக்கும். வங்கி அதை எங்கே முதலிடலாம் என்று சொல்லி, பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு கட்டணம் வாங்கும். சந்தை விழுந்தால் கட்டணம் குறையும், ஆனால் வங்கியே கவிழாது. நம் ஊரில் நகைக்கடை வைத்திருப்பவருக்கும் நகைக்குப் பாதுகாப்புப் பெட்டி வாடகைக்குக் கொடுப்பவருக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். தங்கம் விலை இறங்கிய நாளில் முன்னவருக்குத்தான் தூக்கம் போகும்.

அந்த ஒன்பது ஆண்டில் குறையே இல்லையா?

இருந்தது. 2012 டிசம்பரில் லிபோர் எனப்படும், வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டிவிகிதத்தில் நடந்த மோசடிக்காக யுபிஎஸ் ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலர் கட்டியது. தவறு அவர் வருவதற்கு முன் நடந்தது, அபராதம் அவர் காலத்தில் வந்தது.

பிரான்ஸ் வழக்கு வேறு மாதிரி. பிரெஞ்சு வாடிக்கையாளர்கள் வரியிலிருந்து பணத்தை மறைக்க உதவியதாகக் குற்றச்சாட்டு. பேசித் தீர்க்காமல் நீதிமன்றம் போனார்கள். 2019 பிப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றம் அபராதமும் இழப்பீடும் சேர்த்து 4.5 பில்லியன் யூரோ என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 1.8 பில்லியன் ஆகி, கடைசியில் 2025-இல் 835 மில்லியன் யூரோவில் முடிந்தது. இறுதித் தொகையைப் பார்த்தால் போராடியது பலன் தந்தது எனலாம். ஆனால் முதல் தீர்ப்பு வந்த நாளில் வங்கியின் பெயருக்கு விழுந்த அடி சிறியதல்ல.

பங்குதாரர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. அவர் வந்தபோதும் யுபிஎஸ் பங்கு 10 பிராங்கை ஒட்டி இருந்தது, போனபோதும் அதே இடத்தில்தான். ஈவுத்தொகை வந்தது, உண்மை. விலை ஏறவில்லை என்பதும் உண்மை.

2020-இல் ஏன் போனார்?

ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. டச்சு வங்கியான ஐஎன்ஜி-யிலிருந்து ரால்ஃப் ஹமேர்ஸ் வந்தார், நவம்பர் 1 முதல் அவர் பொறுப்பு. எர்மோட்டி 2021 ஏப்ரலில், காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரே-யின் இயக்குநர் குழுத் தலைவரானார். கௌரவமான, அமைதியான பதவி.

கிரெடிட் சுவிஸ் ஏன் விழுந்தது?

அந்த வங்கியின் கதை 1856-இல் தொடங்குகிறது. ஆல்ஃபிரட் எஷர் என்ற சூரிச் அரசியல்வாதி, ரயில் பாதைகள் போடப் பணம் திரட்டுவதற்காக அதைத் தொடங்கினார். சூரிச் பெரிய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நீரூற்றுக்கு மேலே நிற்கும் சிலை அவருடையதுதான். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போன கோட்ஹார்ட் ரயில் பாதைக்கு முன்னின்று உழைத்தவரும் அவர். 1882-இல் திறந்த அந்தப் பாதைதான் சூரிச்சை லுகானோவோடு இணைத்தது. எஷர் தொடங்கிய வங்கியை மூடி முடிக்க, எஷர் போட்ட பாதையின் மறுமுனையிலிருந்து ஒருவர் வந்தார் என்பது என் மனதைவிட்டுப் போகாத ஒன்று.

விழுந்த காரணம் ஒன்றல்ல. 2019-இல் தன்னிடமிருந்து யுபிஎஸ்-க்குப் போகவிருந்த மூத்த நிர்வாகி இக்பால் கானைப் பின்தொடரத் துப்பறிவாளர்களை வைத்து மாட்டிக்கொண்டது. அந்த அவமானத்தில் 2020 பிப்ரவரியில் தலைமை நிர்வாகி டிஜான் தியாம் பதவி இழந்தார். 2021 மார்ச்சில் கிரீன்சில் என்ற நிதி நிறுவனம் சரிந்து, வாடிக்கையாளர்களின் 10 பில்லியன் டாலர் நிதியங்கள் முடங்கின. அதே மாதம் ஆர்க்கிகோஸ் என்ற முதலீட்டு நிறுவனம், அந்த ஒரே வாடிக்கையாளரால் 5.5 பில்லியன் டாலர் இழப்பு. 2022-இன் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 110 பில்லியன் பிராங்குக்கு மேல் வாடிக்கையாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வங்கி நடப்பது நம்பிக்கையால். எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுவதை வங்கி ஓட்டம் என்பார்கள்; கதவுக்கு வெளியே வரிசை நின்றால்தான் ஓட்டம் என்பது பழைய காலம். இப்போது மக்கள் சோபாவில் சாய்ந்தபடி கைப்பேசியில் மாற்றிவிடுகிறார்கள். 2023 மார்ச் 15 அன்று, பெரும் பங்குதாரரான சவுதி நேஷனல் வங்கியின் தலைவர் இனிப் பணம் போடமாட்டோம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அன்றிரவே சுவிஸ் தேசிய வங்கி 50 பில்லியன் பிராங்க் வரை கடன் தர முன்வந்தது. அதுவும் போதவில்லை.

மார்ச் 19 அன்று உண்மையில் என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. பேர்ண் நகரில் அரசின் ஊடக மையம். நீண்ட மேசை. ஒரு பக்கம் குடியரசுத் தலைவர் அலைன் பெர்சே, நிதியமைச்சர் கரின் கெல்லர்-சுட்டர், தேசிய வங்கித் தலைவர் தாமஸ் ஜோர்டன். அதே மேசையில் விற்கும் வங்கியின் தலைவர் ஆக்செல் லேமன், வாங்கும் யுபிஎஸ்-இன் இயக்குநர் குழுத் தலைவர் கோல்ம் கெல்லஹர். திங்கள் காலை ஆசியச் சந்தைகள் திறப்பதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும் என்ற அவசரம். நான் வீட்டில் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி பார்த்தேன், சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

விலை 3 பில்லியன் பிராங்க். வெள்ளிக்கிழமை 1.86 பிராங்கில் முடிந்த பங்குக்கு 76 ராப்பன், அதாவது 0.76 பிராங்க், கணக்கு. பணமாக அல்ல, 22.48 கிரெடிட் சுவிஸ் பங்குக்கு ஒரு யுபிஎஸ் பங்கு. பங்குதாரர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. அவசரச் சட்டத்தால் அந்த உரிமை ஒதுக்கிவைக்கப்பட்டது. எதிர்பாராத இழப்பில் 9 பில்லியன் வரை அரசு தாங்கும் என்று உறுதி. தேசிய வங்கி தரும் கடனில் 100 பில்லியனுக்கும் அரசு உத்தரவாதம். இரண்டையும் 2023 ஆகஸ்டிலேயே யுபிஎஸ் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஹமேர்ஸ் இருக்கும்போது எர்மோட்டியை ஏன் அழைத்தார்கள்?

வேலை மாறிவிட்டது, அதனால் ஆளும் மாறினார். சீராக ஓடும் வங்கியைக் கணினிமயமாக்க வந்தவர் ஹமேர்ஸ். இப்போது தேவைப்பட்டது உடைந்த முதலீட்டு வங்கி ஒன்றைப் பிரித்து மூடத் தெரிந்தவர். அதை 2012-இல் செய்து காட்டியவர் சூரிச்சிலேயே இருந்தார், சுவிஸ்காரராகவும் இருந்தார். மார்ச் 29 அறிவிப்பு, ஏப்ரல் 5 பொறுப்பேற்பு, ஜூன் 12 அன்று வாங்கல் சட்டப்படி நிறைவு.

29 பில்லியன் டாலர் லாபம் வந்ததாமே? சும்மா கிடைத்த பணமா?

கணக்கியல் படித்தவர்களே தடுமாறும் இடம். 2023-இன் இரண்டாம் காலாண்டில் யுபிஎஸ் அந்த லாபத்தைக் காட்டியது. அதில் ஏறக்குறைய முழுவதும் எழுத்தளவிலானது. புத்தகக் கணக்கில் கிரெடிட் சுவிஸ் வைத்திருந்த சொத்து, கடன் போக, வாங்கிய விலையைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை லாபமாகக் காட்டச் சொல்கிறது கணக்கியல் விதி. இடிக்க வேண்டிய ஒரு வீட்டைத் தரைவிலைக்கும் குறைவாக வாங்கியதுபோல. பத்திரத்தில் லாபம்தான். ஆனால் ஆள்களுக்குக் கூலி, வழக்குச் செலவு, கணினி மாற்றம் எல்லாம் அதன் பிறகு வரும், அவை கைப்பணம்.

பங்குதாரருக்கு ஏதோ கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லையாமே?

ஏடி1 என்ற ஒருவகைக் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ 16 பில்லியன் பிராங்கை மேற்பார்வை அமைப்பான ஃபின்மா சுழியமாக்கியது. வழக்கமாக இழப்பு முதலில் பங்குதாரருக்கு, பிறகுதான் கடன் தந்தவருக்கு. இங்கே வரிசை தலைகீழானது. பத்திர ஒப்பந்தத்திலேயே அதற்கு இடமிருந்தது என்றது ஃபின்மா. 2025 அக்டோபரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்த உத்தரவு சட்டத்துக்கு முரணானது என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

வேலை எத்தனை பேருக்குப் போயிற்று?

2023 ஆகஸ்ட் 31 அன்று, சுவிஸில் ஏறத்தாழ 3,000 பேர் பணிநீக்கம் செய்யப்படுவார்கள் என்று எர்மோட்டி அறிவித்தார். உலக அளவில் இல்லாமல் போன பணியிடங்கள் இதைவிடப் பல மடங்கு. பலர் தாங்களே விலகினார்கள், பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். சுவிஸ் உள்நாட்டு வங்கியைத் தனியாக விற்றுவிடலாம், போட்டியாவது மிஞ்சும் என்று பலர் வாதாடினார்கள். எர்மோட்டி அதையும் முழுதாக உள்ளே எடுத்துக்கொண்டார். இதில் எனக்கு உடன்பாடில்லை. சூரிச்சின் பரடேபிளாட்ஸ் சதுக்கத்தில் டிராமுக்கு நிற்கும்போது இரண்டு பெரிய வங்கிகள் ஒன்றையொன்று பார்த்து நின்ற இடம் அது. சிறு நிறுவனம் நடத்துபவர் கடனுக்கு ஒரு கதவு மூடினால் மறு கதவைத் தட்டினார். என் அலுவலகத்துக்கு வரும் வாடிக்கையாளர்களில் இதைச் சொல்லாதவர் குறைவு.

சம்பளம் எவ்வளவு?

2023-இல் ஒன்பது மாதத்துக்கு 14.4 மில்லியன் பிராங்க். 2024-இல் 14.9 மில்லியன். நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. இந்த விவாதம் புதிதல்ல. 2013 மார்ச்சில் நிர்வாகிகளின் சம்பளத்துக்குப் பங்குதாரர் ஒப்புதல் கட்டாயம் என்ற முன்மொழிவுக்கு மக்கள் 67.9 விழுக்காடு ஆதரவு தந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், உச்சச் சம்பளம் கடைநிலைச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டக்கூடாது என்ற முன்மொழிவை 65.3 விழுக்காட்டினர் தள்ளினார்கள். என் கருத்தைக் கேட்டால், அவர் செய்யும் வேலை பெரியது. ஆனாலும் அரசின் தோளில் ஏறி நடந்த ஒரு மீட்பில் இந்தத் தொகை பொருத்தமாக இல்லை.

இப்போது அரசோடு என்ன சண்டை?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இணைந்த வங்கியின் சொத்து மதிப்பு, நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2023-இல் கிரெடிட் சுவிஸை வாங்க யுபிஎஸ் இருந்தது. யுபிஎஸ் விழுந்தால் வாங்க உள்நாட்டில் யாரும் இல்லை.

அதனால் 2025 ஜூனில் அரசு ஒரு திட்டத்தை வைத்தது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களுக்கு ஈடாகத் தாய் வங்கி முழுதும், அதாவது 100 விழுக்காடும், சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும். யுபிஎஸ்-க்கு ஏறத்தாழ 26 பில்லியன் டாலர் கூடுதலாகத் தேவைப்படும். இங்கே வீடு வாங்கியவர்களுக்குப் புரியும்படி சொன்னால்: நம்மிடம் வங்கி 20 விழுக்காடு சொந்தப் பணம் கேட்கும். வெளிநாட்டில் வாங்கிய வீடுகளுக்கு யுபிஎஸ் முழுப் பணமும் சொந்தமாகப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அளவுக்கு மீறியது, மற்ற நாட்டு வங்கிகளோடு போட்டியிட முடியாமல் செய்யும் என்று எர்மோட்டி எதிர்க்கிறார். கிரெடிட் சுவிஸ் விழுந்தது மோசமான நிர்வாகத்தால் என்பது அவர் தரப்பு வாதம். நாடாளுமன்ற விசாரணைக் குழுவும் 2024 டிசம்பரில் பழியை முதலில் அந்த வங்கியின் நிர்வாகத்தின் மீதுதான் போட்டது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: 2017-இல் மூலதன விதியில் கிரெடிட் சுவிஸுக்கு ஃபின்மா கொடுத்த சலுகை, அதன் உண்மையான பலவீனத்தை மறைத்தது. சலுகை கேட்டபோது அவர்களும் இதே காரணங்களைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அரசின் பக்கம். முடிவு நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதன் பிறகு மக்கள் வாக்கெடுப்புக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

என் கணக்கு கிரெடிட் சுவிஸில் இருந்தது. என்ன ஆகும்?

பணத்துக்கு ஒன்றும் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் சட்டப்படி நீங்கள் யுபிஎஸ் வாடிக்கையாளர். சுவிஸ் வாடிக்கையாளர்களைக் கணினியில் மாற்றும் வேலை 2025-இல் தொடங்கியது, 2026 மார்ச் இறுதி என்று இலக்கு வைத்தார்கள். தபாலில் வந்த கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்தால் இன்றே பிரித்துப் பாருங்கள். வாடகை, காப்பீட்டுக்கு வைத்த நிலையான கட்டளைகள் சரியாகப் போகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள்.

என் மகனுக்கு வங்கியில் லேரெ கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே இறங்க வேண்டும். லேரெ ஆகஸ்டில் தொடங்கும். விண்ணப்பங்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன்பே திறந்துவிடும். அதற்கும் முன்னால் ஷ்னுப்பர்லேரெ என்ற அறிமுக நாட்களுக்கு அனுப்புங்கள். பையன் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் தனக்கு ஒத்துவருமா என்று அவனே சொல்வான். முன்பு இரண்டு பெரிய வங்கிகளுக்கு எழுதிய இடத்தில் இப்போது ஒன்றுதான். அதனால் சூரிச் கன்டோனல்பாங்க், ரைஃபைசன், போஸ்ட்ஃபைனான்ஸ் என்று மற்றவற்றுக்கும் சேர்த்து எழுதுங்கள். லேரெயோடு, மேற்படிப்புக்குத் தகுதி தரும் தொழில்சார் மதுரா என்ற தேர்வையும் முடித்தால், பிறகு ஃபாக்ஹோக்ஷூலெ எனப்படும் உயர்தொழிற்கல்லூரியில் பட்டமும் எடுக்கலாம். விண்ணப்பக் கடிதத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையே எழுதட்டும், பிழைகளை ஆசிரியரிடம் காட்டித் திருத்தட்டும். நேர்காணலில் முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.